எரிந்த நூலும் எழுந்த வினாவும்

1520-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி விட்டன்பர்க் நகரத்து எல்ஸ்டர் வாயிலுக்கு வெளியே லூதர் தம் கையால் பாப்பரசரின் ஆக்ஞைப் பத்திரத்தைத் தீயிலிட்டதைச் சரித்திரம் படித்தவர் யாவரும் அறிவர். ஆனால் அதே தீயில், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமாருக்கென்று ஆஞ்செலோ கார்லெட்டி என்ற பிரான்சிஸ்கன் துறவி இயற்றிய ‘சும்மா ஆஞ்செலிகா’ என்னும் கைந்நூலும் வெந்து சாம்பலாயிற்று என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். பாவங்களை வகைபிரித்து நிறுத்துப் பார்ப்பதே அறநெறி என்றாகிவிடின், கலங்கிய மனச்சாட்சி தேவகிருபையில் இளைப்பாறுவது எங்ஙனம் என்ற வினா அத்தீயோடு எழுந்தது.

திரிதெந்துப் பொதுச்சங்கமோ, சாவான பாவங்களை ஒவ்வொன்றாக, அவற்றின் தன்மையை மாற்றும் சந்தர்ப்பங்களோடு வெளியிட வேண்டுமென்று 1551-இல் வரையறுத்தது. அதன்பின் கத்தோலிக்க அறநூல்கள் பெரும்பாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருவை நோக்கியே எழுதப்பட்டன. அம்மரபின் பேராசானாக விளங்கியவர், 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நாட்டில் வாழ்ந்த அல்போன்ஸ் லிகோரியார்.

அந்த லிகோரியார் ஸ்தாபித்த துறவற சபையிலிருந்தே, பழைய வினாவை மெய்யாகச் செவிமடுத்த ஒருவர் தோன்றினார் என்பது வியக்கத்தக்கது. பெர்ன்ஹார்ட் ஹேரிங் என்ற அந்த ஜெர்மானியக் குரு, இரண்டாம் உலக யுத்தத்தில் மருத்துவப் பணியாளராக ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, குருத்துவ ஊழியம் செய்யலாகாது என்ற தடையையும் மீறிக் கத்தோலிக்கர், பிராட்டஸ்டாண்டார், ஆர்த்தடாக்ஸ் சபையார் ஆகிய அனைவருக்கும் தேறுதல் அளித்தார். கிறிஸ்தவர் பலர் ஓர் அக்கிரம அரசுக்கு மறுபேச்சின்றிப் பணிந்ததை நேரிற்கண்ட அவர், கீழ்ப்படிதலை அடிப்படையாகக் கொண்ட அறநெறி போதாது, பொறுப்புணர்ச்சியே அதன் உயிர் என்ற முடிவுக்கு வந்தார். யுத்தம் ஓய்ந்தபின், கத்தோலிக்க, பிராட்டஸ்டாண்டு இறையியல் பீடங்கள் இரண்டும் அருகருகே விளங்கும் ட்யூபிங்கன் சர்வகலாசாலையில், புனிதத்துக்கும் நன்மைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்தபோது, ஷ்லையர்மாகர், ருடால்ஃப் ஓட்டோ முதலிய பிராட்டஸ்டாண்டு சிந்தனையாளர்களை, மறுப்பதற்காக அன்றி அறிந்துகொள்வதற்காகவே கற்றார். 1954-இல் வெளிவந்த அவருடைய ‘கிறிஸ்துவின் சட்டம்’, இறைவன் அழைக்க மனிதன் மறுமொழி கூறுவதே அறவாழ்வு என்று எடுத்துரைத்தது.

இதனைப் பிராட்டஸ்டாண்டு மரபிடம் சரணாகதி என்று சிலர் இகழ்ந்தனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தேவதிரவிய அநுமானங்களையோ இயற்கைச் சட்டத்தையோ ஹேரிங் கைவிடவில்லை. வேதாகமத்தை அறநெறியின் ஊற்றாகத் திரும்பக் கொணர்ந்தார். அறநெறி இறையியல் வேதாகமப் போதனையால் மேலும் போஷிக்கப்படவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் விதித்தது. மறுகரையிலிருந்தும் ஒருவர் வந்தார்: அமெரிக்கப் பிராட்டஸ்டாண்டு அறிஞரான ஜேம்ஸ் கஸ்டாஃப்ஸன், இரு மரபுகளும் எவ்வளவு தூரம் நெருங்கிவரக்கூடும் என்பதை 1978-இல் தனி நூலாகவே எழுதி ஆராய்ந்தார், அவரிடம் பயின்ற கத்தோலிக்க மாணவரும் பலர்.