லேத்தில் ஒட்டிக்கொண்ட தூரமானி

லேத் பட்டறைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். உளியைத் தாங்கி நகரும் சாடிலின் முன்பக்கத்தில் ஏப்ரன் என்று ஒரு தகடு தொங்கும். அதன் ஓரத்தில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு வட்ட முகப்பு. 1, 2, 3, 4 என்று எண்கள், இடையிடையே வெறும் கோடுகள். மரை வெட்டும்போது டர்னரின் கண் அதைவிட்டு நகராது. த்ரெட் டயல் என்றும் சேஸிங் டயல் என்றும் அதைச் சொல்வார்கள். உள்ளே இருப்பது, சாடிலை இழுத்துச் செல்லும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூவின் மரையைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரம்தான். ஆனால் திருகும் சக்கரமும் சேர்ந்த இந்த ஜோடிக்கு வயது குறைந்தது இரண்டாயிரத்தை நெருங்கும்.

முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ, வண்டி போன தூரத்தை அளக்க ஒரு கருவியை விவரித்திருக்கிறார். வண்டிச் சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு திருகு சுழலும். அது ஒரு பல்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். கடைசியில் ஒரு முள் தூரத்தைக் காட்டும். த்ரெட் டயல் செய்வதும் இதையேதான். லீட் ஸ்க்ரூவின் மரை எவ்வளவு தூரம் ஓடிக் கடந்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. இந்தியாவில் இதே திருகு வேறு வேலைக்குப் போனது: பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் சர்க்கியில், மரத்தில் செதுக்கிய புரிப்பற்கள் இரண்டு உருளைகளை எதிரெதிராகச் சுழற்றின. அங்கே அது அளக்கவில்லை, உழைத்தது.

அளக்கும் வேலைக்கு அதை முழுமையாகத் திருப்பியவர் லண்டனில் கருவிகள் செய்துவந்த ஜெஸ்ஸி ராம்ஸ்டன். கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க செக்ஸ்டன்ட் வேண்டும். செக்ஸ்டன்டின் வில்லில் பாகைக் கோடுகள் பிசகாமல் விழ வேண்டும். கையால் கோடு கோடாகப் போட்டுவந்த அந்த வேலையை 1770களில் ராம்ஸ்டன் ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்தார். 45 அங்குல விட்டமுள்ள பெரிய சக்கரம், அதன் விளிம்பில் 2160 பற்கள், அவற்றைக் கடிக்கும் ஒரு திருகு. திருகை ஒருமுறை சுற்றினால் சக்கரம் சரியாகப் பாகையில் ஆறில் ஒரு பங்கு நகரும்.

அந்த 2160 பற்களை எப்படி வெட்டினார் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். அதே அளவு மரை கொண்ட இன்னொரு திருகை எடுத்து, குறுக்கே பள்ளங்கள் போட்டு, கடினமாக்கி, அதையே வெட்டும் கருவியாக்கினார். அதை விளிம்பில் அழுத்திச் சுழற்றினால் திருகே தனக்கு வேண்டிய பல்லை வெட்டிக்கொள்ளும். ஆனால் முழுச்சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வரும்போது அரைப் பல் மிஞ்சினால் எல்லாம் வீண். அதனால் சக்கரத்தை முதலில் ஐந்தாக, பிறகு ஒவ்வொன்றையும் மூன்றாக, பிறகு பாதி பாதியாக நான்கு முறை பிரித்து 240 குறிகள் வைத்தார். குறிக்குக் குறி ஒன்பது பற்கள். அந்தத் திருகு பிசகில்லாமல் அமைய வேண்டுமே என்று மரை வெட்டும் தனி லேத் ஒன்றையும் தானே கட்டினார்.

தீர்க்கரேகை வாரியம் அவருக்கு மொத்தம் 615 பவுண்டு கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: செய்முறையை அச்சில் வெளியிட வேண்டும், மற்ற கருவிக்காரர்களுக்கும் கற்றுத்தர வேண்டும். 1777இல் புத்தகம் வந்தது, நகல்களும் கிளம்பின. இதற்கு முன் அவர் செய்த முதல் இயந்திரத்தை வாங்கிய பிரெஞ்சுப் பிரபு போஷார் த சரோன், அதை ஒரு மேசையின் அடிப்பாகத்துக்குள் மறைத்து பிரான்சுக்குக் கடத்தினார் என்று சொல்வார்கள். 1794இல் அவரைப் புரட்சி கில்லட்டினுக்கு அனுப்பியது. 2160 பற்கள் கொண்டது ராம்ஸ்டனின் இரண்டாவது இயந்திரம்; அது அட்லாண்டிக்கைத் தாண்டி இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கருவிக்காரர்களின் அறையிலிருந்து திருகு பட்டறைக்கு வந்தது ஹென்றி மாட்ஸ்லேயால். 1797இல் சம்பள உயர்வு கேட்டு, கிடைக்காமல், ஜோசப் பிராமாவின் பட்டறையைவிட்டு வெளியேறியவர் அவர். 1800ஐ ஒட்டி அவர் கட்டிய மரை வெட்டும் லேத்தில் இன்றைய லேத்தின் முகச்சாயல் தெளிவாகத் தெரியும். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பட்டறைக்குப் பட்டறை மாறிக்கிடந்த திருகுகளைச் சேகரித்து, 1841இல் பொது அளவு ஒன்றை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. ஓர் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 8 மரை. 1864இல் பிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ் கோணத்தை 60 ஆக்கினார். ஓர் அங்குல போல்ட்டின் 8 மரையைத் தொடவில்லை. இந்த 8ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரை ஒரே வெட்டில் முடிவதில்லை. பல தடவை, ஒவ்வொரு தடவையும் சிறிது ஆழமாக, அதே பள்ளத்தில் உளி இறங்க வேண்டும். வெட்டி முடித்ததும், சாடிலை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் ஹாஃப் நட்டைத் திறந்து சாடிலைக் கையால் பின்னுக்குத் தள்ளலாம். ஆனால் மறுபடி எப்போது மூடுவது? சுழலும் ராட்டினத்தில் இறங்கிய அதே குதிரையில் திரும்ப ஏறுகிற மாதிரி அது. பழைய டர்னர்கள் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கிலும் லீட் ஸ்க்ரூவிலும் சாக்பீஸால் குறி போட்டார்கள், அல்லது ஹாஃப் நட்டைத் திறக்காமலே லேத்தை எதிர்த்திசையில் ஓட்டித் திரும்பினார்கள். 1892இல் வென்டெல் நார்ட்டன் லீவரை நகர்த்தியே மரை அளவை மாற்றும் கியர்பெட்டியைக் கொண்டுவந்த பிறகு, இந்தத் தாமதம் இன்னும் உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

டயல் அதைத் தீர்க்கிறது. ஹாஃப் நட் திறந்திருந்தால் முகப்பு சுழலும். மூடினால் சாடில் மரையோடு சேர்ந்து நகர்வதால் அது அசையாமல் நிற்கும். லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 8 மரை, சக்கரத்தில் 32 பல் என்றால் முகப்பின் ஒரு சுற்று 4 அங்குலம். எண்ணுக்கு எண் ஓர் அங்குலம், வெறும் கோட்டுக்கு அரை அங்குலம். உதாரணத்துக்கு, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் இன்றும் விட்வொர்த்தின் 55 பாகைதான் ஓடுகிறது. அரை அங்குலக் குழாயில் 14 மரை. இரட்டைப்படை என்பதால் எந்தக் கோட்டிலும் மூடலாம். ஓர் அங்குலக் குழாயில் 11. அரை அங்குலத்தில் ஐந்தரை மரை வருமே, அதனால் எண்ணிட்ட கோடுகளில் மட்டும்.

பல சிறு லேத்துகளில் இந்த டயல் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய உபரி. அதனால் கைப்படச் செய்துகொள்ளும் பழக்கம் வளர்ந்தது. 1898இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' இதழின் வாசகர்கள் போன்ற வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு இது பிடித்தமான வேலை. கியர் வெட்டும் இயந்திரம் வேண்டியதில்லை. அந்த 8 இருக்கிறதே: துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப்பில், ஓர் அங்குல விட்வொர்த் டேப்பிலும் மரை அதே அளவு. டேப்பை சக்குக்கும் சென்டருக்கும் இடையே பிடித்து, டூல்போஸ்டில் தாராளமாகச் சுழலும்படி ஒரு பித்தளை வில்லையைப் பொருத்தி மெல்ல அழுத்தினால், டேப் தானே பற்களை வெட்டிவிடும். 32 பல்லுக்கு, பற்களின் நடுவட்ட விட்டம் சுமார் 32.3 மி.மீ. வர வேண்டும். வில்லையின் அளவு பிசகினால் 33 பல் விழுந்து டயலே பொய் சொல்லும். ஆகவே கவனமானவர்கள் முதலில் 32 இடங்களில் ரம்பத்தால் லேசாகக் கீறிவிட்டு டேப்பைச் சேர்ப்பார்கள். ராம்ஸ்டன் 240 குறிகள் வைத்தது இதே பயத்தில்தான். சக்கரத்தின் தண்டை ஒரு சின்னத் தாங்கியில், வேலையில்லாத நேரத்தில் விலக்கிவிடும்படி வைத்தால் பற்கள் வீணாகத் தேயாது.

மெட்ரிக் லேத்காரருக்குச் சக்கரம் ஒன்று போதாது. 3 மி.மீ. லீட் ஸ்க்ரூவில் 14 பல் சக்கரம் ஒரு சுற்றுக்கு 42 மி.மீ. நகரும், எம்12 போல்ட்டின் 1.75 அதில் மீதியின்றி அடங்கும், எம்8 போல்ட்டின் 1.25 அடங்காது. அதற்கு 45 மி.மீ. தரும் 15 பல், 4 மி.மீ. மரைக்கு 16 பல். மூன்றையும் ஒரே தண்டில் அடுக்கி, தண்டை மேலும் கீழும் நகர்த்தி வேண்டியதைச் சேர்ப்பார்கள். தனித்தனி டேப் தேடி அலைய வேண்டாம். எம்24 போல்ட்டின் சாதாரண மரை 3 மி.மீ.தான், பழைய எம்24 டேப் ஒன்று கிடைத்தால் மூன்று சக்கரங்களையும் அதிலேயே வெட்டிக்கொள்ளலாம்.