வ.வே.சு. ஐயரின் மறைவு (பாபநாசம், 1925)

விடுதலைப் போராளியும் எழுத்தாளருமான வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (1881–1925) பாபநாசம் மலையில் தாமிரபரணியில் மூழ்கி இறந்த நிகழ்ச்சி. சேரன்மாதேவியில் தாம் 1922இல் நிறுவிய தமிழ்க் குருகுலத்தின் மாணவர்களோடு அங்கே சென்றிருந்தபோது மகள் சுபத்திரை ஆற்றில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்த தந்தையும் கரையேறவில்லை. அப்போது அவருக்கு வயது 44.

எழுதியவர்கள் எல்லோரும் ஒத்துப்போவது இவ்வளவில்தான். ஜூன் 3 என்பார் சிலர், ஜூன் 4 என்பார் சிலர். பாபநாசம் அருவி என்று பொதுவாகச் சொல்லிக் கடப்போர் உண்டு. கல்யாண தீர்த்தம் என்று இடத்தைக் குறிப்போரும் உண்டு. இடத்தைப் பற்றிய இந்த இரண்டும் முரண் அல்ல. அகத்தியர் அருவியிலிருந்து படியேறிப் போனால் கல்யாண தீர்த்தம். பாறைகளுக்கு நடுவே ஆறு சற்றே தங்கி, பிறகு விளிம்பில் கவிழும் இடம் அது. இப்படி ஆழம் கிடக்கும் இடத்தை ஆற்றங்கரைக்காரர்கள் கசம் என்பார்கள். மேலே நீர் அசையாததுபோல் தோன்றும், அடியில் இழுக்கும். பிள்ளைகள் ஓடையைத் தாண்டியதைப் பார்த்துத் தானும் தாண்ட முயன்ற சுபத்திரை தவறி விழுந்தாள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வடிவம்.

புதுச்சேரியில் இருந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் உளவாளிகளின் கண்காணிப்பிலேயே வாழ்ந்தவர் ஐயர். 1910இல் லண்டனிலிருந்து மாறுவேடத்தில் அங்கு தப்பி வந்தவர் ஆயிற்றே! அப்படிப்பட்டவரின் கடைசி நிமிடங்கள் நமக்கு வந்து சேர்ந்திருப்பது வாய்மொழியாகத்தான். அவரது ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையில் ருக்மிணி குளத்தில் மூழ்கியதைச் சொல்லக் கரையில் ஒரு மரம் இருந்தது.

அந்தக் கோடையில் குருகுலம் நிம்மதியாக இல்லை. பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி போடப்பட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினர். காங்கிரஸ் தருவதாகச் சொன்ன 10,000 ரூபாயில் 5,000 வந்ததோடு சரி. இந்தச் சச்சரவையும் சாவையும் முடிச்சுப் போடத் தூண்டுதல் எழுவது இயல்பு. ஆனால் மகளைப் பின்தொடர்ந்து குதித்தவருக்கு வேறு காரணம் தேடுவது வீண்வேலை.

கடைசி நிமிடங்களுக்குத் தடயம் தேடுவோர் வேறிடங்களிலும் உண்டு. எவரெஸ்டில் 1924 ஜூன் 8இல் மறைந்த மலையேறிகள் மலோரி, இர்வின் விஷயத்தில் தேடுவோருக்கு அவர்களின் கேமரா இலக்காக இருக்கிறது. மலோரியின் உடல் 1999இல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. பாபநாசத்திலோ தடயம் இருக்க வேண்டிய ஆறே மாறிவிட்டது. 1940களில் மேலே காரையாற்றில் அணை எழுந்தது. 1944இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முன்பு பாறைகளில் முழுவதுமாக விழுந்துகொண்டிருந்த நீரில் ஒரு பங்கு இப்போது குழாய்களுக்குள் இறங்குகிறது. கல்யாண தீர்த்தத்தில் இன்று எவ்வளவு நீர் ஓடும் என்பதை அணையின் மதகுதான் சொல்கிறது.