டட்ஸன்: உலகத்தையே ஜெயித்த பட்ஜெட் கார், ஒரகடத்தில் தோற்றது ஏன்?

யூஸ்டு கார் ஆப்பில் 'இரண்டு லட்சத்துக்குள்' என்று ஃபில்டர் போட்டுப் பாருங்கள். ஆல்ட்டோ, இயான், க்விட் வரிசைக்கு நடுவே ஒரு டட்ஸன் கோ எட்டிப் பார்க்கும். 1.2 லிட்டர் இன்ஜின், குடும்பமே உட்காரும் இடம், போட்டோவில் பார்க்கவும் லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் விலை மட்டும் அதே வருடத்து மாருதியைவிட நன்றாகவே இறங்கியிருக்கும். 'இவ்வளவு சீப்பா... ஏதாவது வில்லங்கமா பாஸ்?' என்று சந்தேகம் வருவது நியாயம்தான். ஆர்.சி புக்கில் வில்லங்கம் இருக்காது. அந்த பிராண்டு இந்தியாவுக்கு வந்த விதத்தில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் இது நேற்று முளைத்த கம்பெனி இல்லை. நிஸான் மோட்டார் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே பிறந்த பெயர் டட்ஸன்.

முயலின் மகன்

1911-ல் டோக்கியோவில் மசுஜிரோ ஹஷிமோட்டோ என்ற இன்ஜினீயர் க்வைஷின்ஷா என்ற சின்ன கார் கம்பெனியை ஆரம்பித்தார். 1914-ல் அங்கிருந்து வந்த காருக்கு, பணம் போட்டு உதவிய டென், அஓயாமா, டகேயுச்சி என்ற மூன்று பேரின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் 'டாட்டோ' என்றால் வெருண்டு ஓடும் முயல். வேகத்துக்கு வேகமும் ஆச்சு, நன்றிக்கு நன்றியும் ஆச்சு.

1930-ல் ஜப்பான் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 500 சிசிக்குக் குறைவான குட்டி கார்களை ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. விடுவார்களா? 1931-ல் 495 சிசி இன்ஜினோடு ஒரு பொடி கார் ரெடியானது. டாட்டின் பிள்ளை என்பதால் ஆங்கிலத்தில் 'சன்' (மகன்) சேர்த்து 'டாட்சன்' என்றார்கள். ஆனால் அந்த 'சொன்' என்ற உச்சரிப்புக்கு ஜப்பானிய மொழியில் 'நஷ்டம்' என்று ஒரு அர்த்தம் உண்டு. வியாபாரம் பண்ணுகிற எவன் தன் போர்டில் 'நஷ்டம்' என்று எழுதுவான்? ஒரே ஒரு எழுத்தை மாற்றி, மகனைச் சூரியன் ஆக்கிவிட்டார்கள். ஜப்பான் கொடியில் இருக்கும் அதே சூரியன். டட்ஸன் பிறந்த கதை இதுதான்.

யோஷிசுகே அய்காவா என்ற தொழிலதிபர் இந்த கார் தொழிலைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1934-ல் அவருடைய கம்பெனிக்கு நிஸான் மோட்டார் என்று பெயர் மாறியது. 1935-ல் யோக்கஹாமா தொழிற்சாலையிலிருந்து டட்ஸன் கார்கள் வரிசையாக வெளியே வர ஆரம்பித்தன. போருக்குப் பிறகு, 1952-ல் பிரிட்டனின் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் காரை அசெம்பிள் செய்தபடியே தொழில் கற்றுக்கொண்டது நிஸான்.

அமெரிக்காவில் ஒரு 'மிஸ்டர் கே'

1958-ல் டட்ஸன் அமெரிக்காவுக்குப் போனபோது யாரும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. அந்த ஊர் நெடுஞ்சாலைக்கு பவர் பத்தாது, குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அங்கே இருந்த யுடகா கட்டயாமா, அமெரிக்கர்கள் 'மிஸ்டர் கே' என்று கூப்பிட்ட மனிதர், ஜப்பானுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: விலை குறைவாக இருக்கட்டும், ஆனால் ஓட்டுகிறவன் 'காசுக்கு ஏத்த கார்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும்படி இருக்கக் கூடாது.

இதற்குப் பதிலாக வந்ததுதான் 510. சுமார் 2,000 டாலர் விலையில் ஓவர்ஹெட் கேம் இன்ஜின், பின்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். இரண்டுமே அன்றைக்கு இதைவிட விலை அதிகமான ஐரோப்பியக் கார்களில் பார்க்கக்கூடிய சமாச்சாரம். அடுத்து 240இஸட் என்ற ஸ்போர்ட்ஸ் கார், 3,526 டாலருக்கு. ஜப்பானில் அதற்கு 'ஃபேர்லேடி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் விற்க முடியாது என்று கட்டயாமா அந்த பேட்ஜையே கழற்றச் சொன்னார். 1998-ல் அமெரிக்க ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். மனிதர் 105 வயது வரை வாழ்ந்தார்.

இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கா. கார்களைச் சின்னாபின்னமாக்கும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 1970, 71, 73 என டட்ஸன் ஜெயித்தது. 73-ல் 240இஸட்டை ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். பிறகு 1979 முதல் 82 வரை தொடர்ந்து நான்கு முறை அவரேதான் சாம்பியன். மொத்தம் ஐந்து வெற்றிகளும் இந்தக் கம்பெனி கார்களில்தான்.

1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை எகிற, சிக்கனமான 120ஒய் உலகம் முழுக்கப் பரவியது. இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில், தாத்தாவின் பழைய டட்ஸனைப் பற்றி ஒரு கதையாவது இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பெயரை 1981-ல் நிஸானே கைவிட முடிவு செய்தது. உலகம் முழுக்க ஒரே பெயர் இருக்கட்டும், அது 'நிஸான்' ஆக இருக்கட்டும் என்று. 1986-க்குள் டட்ஸன் பேட்ஜ் காணாமல் போனது.

மறுபிறவி, நம்ம ஊரில்

2012 மார்ச்சில் நிஸானின் தலைவர் கார்லோஸ் கோஸ்ன், 'டட்ஸன் திரும்ப வருகிறது' என்று அறிவித்தார். இந்த முறை அமெரிக்காவுக்கு இல்லை. இந்தியா, இந்தோனேஷியா, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா என்று வளரும் நாடுகளுக்கு. முதல் கார் வாங்கும் இளைஞர்கள்தான் டார்கெட். 2013 ஜூலையில் கோ காரை டெல்லி பக்கத்தில் அறிமுகம் செய்தார்கள். அதைத் தயாரித்தது சென்னையை அடுத்த ஒரகடத்தில், 2010-ல் திறந்த ரெனோ-நிஸான் தொழிற்சாலை.

2014 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை 3.12 லட்சம், டெல்லி எக்ஸ் ஷோரூம். சும்மா சொல்லக் கூடாது, பேப்பரில் பார்த்தால் அசத்தல் டீல். ஆல்ட்டோ 800-ன் நீளம் 3,395 மி.மீ, கோவின் நீளம் 3,785. நிஸான் மைக்ராவின் ப்ளாட்ஃபார்ம், மைக்ராவின் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், 68 பிஎஸ் பவர். அதாவது ஆல்ட்டோ காசில் ஸ்விஃப்ட் சைஸ்.

காசை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பது உள்ளே உட்கார்ந்ததும் தெரியும். முன்பக்கம் ஒரே ஒரு வைப்பர். மியூசிக் சிஸ்டத்துக்குப் பதில் உங்கள் போனைச் செருகிக்கொள்ள ஒரு ஹோல்டர். க்ளவ் பாக்ஸுக்கு மூடி கிடையாது. ஹேண்ட்பிரேக் டேஷ்போர்டுக்குக் கீழே, குடைக் கைப்பிடி மாதிரி இழுக்க வேண்டும். இதெல்லாம் பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை என்பதுதான் இடித்தது.

2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கி.மீ வேகத்தில் கோவை மோதிப் பார்த்தது. பூஜ்ஜியம் ஸ்டார். அதே ரவுண்டில் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டும் பூஜ்ஜியம்தான் வாங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கோ விஷயத்தில் அவர்கள் சொன்னது இன்னும் கடுமை: பாடியே நிலையாக நிற்கவில்லை, இந்த பாடியில் ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. அந்த அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, காரை விற்பனையிலிருந்து எடுத்துவிடும்படி கோஸ்னுக்குக் கடிதமே எழுதினார். இந்திய விதிகளை எங்கள் கார் பூர்த்தி செய்கிறது என்றது நிஸான். அது உண்மைதான். காரணம், அப்போது இந்தியாவில் கட்டாய க்ராஷ் டெஸ்ட்டே கிடையாது!

கட்டயாமா எதை வேண்டாம் என்றாரோ, சரியாக அதுவே நடந்தது. 510-ல் விலையைக் குறைத்துவிட்டு, விலை உயர்ந்த காரின் சமாச்சாரங்களை உள்ளே வைத்தார்கள். கோவில் விலையைக் குறைக்க எதையெல்லாம் எடுத்தார்கள் என்பது வாங்குகிறவருக்கே தெரிந்தது. நம்ம ஊரில் முதல் கார் என்பது வெறும் வண்டி இல்லையே. பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி, சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தும் பொருள். 'இந்தியாவுக்கு இது போதும்' என்ற வாசனை அதில் அடித்தால், இன்னும் ஐம்பதாயிரம் கடன் சேர்த்து மாருதிக்குத்தான் போவான்.

ஓனர்கள் என்ன சொல்கிறார்கள்?

கோ வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், குறையைவிட முதலில் வருவது இன்ஜின் பெருமைதான். சுமார் 770 கிலோ வண்டிக்கு 68 பிஎஸ் என்பதால் சிட்டியில் துள்ளும். மேம்பாலம் ஏற கியரைக் குறைக்கும் வேலை கம்மி. ஸ்டீயரிங் லேசு, நாலு பேர் தாராளமாக உட்காரலாம். 2015 ஜனவரியில் வந்த கோ ப்ளஸ், நான்கு மீட்டருக்குள் மூன்று வரிசை சீட். கடைசி வரிசையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். அதை மடித்துவிட்டு டிக்கியாகப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

அடுத்து வரும் புலம்பலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கதவை மூடினால் தகர டப்பா சத்தம். நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டினால் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். லாரி கடந்து போனால் வண்டி லேசாக அலம்பும். சின்ன ஊர்க்காரர்களுக்கு சர்வீஸ் சென்டர் தூரம் பெரிய தலைவலி. மாருதி மாதிரி தாலுகாவுக்கு ஒன்று கிடையாது.

2016 ஜூனில் 2.38 லட்சத்துக்கு வந்த ரெடிகோ வேறு ரகம். ரெனோ க்விட்டின் ப்ளாட்ஃபார்ம், அதே 799 சிசி, 54 பிஎஸ் இன்ஜின். 185 மி.மீ கிரவுண்டு க்ளியரன்ஸ் இருப்பதால் நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்குப் பயமில்லை. உயரமான சீட் என்பதால் வீட்டுப் பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். இன்ஜின் அதிர்வு மட்டும் ஐடிலில் காலில் தெரியும். 2017-ல் வந்த 1.0 லிட்டர் வெர்ஷன் இதற்கு எவ்வளவோ தேவலை. 2019-ல் டிரைவர் ஏர்பேக்கோடு டெஸ்ட் செய்தபோது ரெடிகோ ஒரு ஸ்டார் வாங்கியது. ஒன்றே ஒன்றுதான்.

நிஸான் பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. 2018 அக்டோபரில் வந்த புதிய கோ, கோ ப்ளஸ் இரண்டிலும் எல்லா வேரியன்ட்டிலும் இரட்டை ஏர்பேக், ஏபிஎஸ். 2019-ல் வழுக்கலைத் தடுக்கும் விடிசி, சிவிடி ஆட்டோமேட்டிக் எல்லாம் சேர்ந்தன. ஓட்டிப் பார்த்தால் இதைத்தான் முதலிலேயே விற்றிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் மார்க்கெட்டில் பெயர் கெட்டுப்போயிருந்தது. 2018 நவம்பரில் கோஸ்ன் டோக்கியோவில் கைதானார். 2020-ல் இந்தோனேஷியா, ரஷ்யாவில் கடை மூடியது. 2022 ஏப்ரலில் இந்தியாவிலும் டட்ஸன் முடிந்தது. சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்று நிஸான் உறுதி கொடுத்தது.

இப்போது வாங்கலாமா?

2014 முதல் 2018 நடுப்பகுதி வரையிலான கோ எவ்வளவு சீப்பாகக் கிடைத்தாலும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இடையில் டாப் வேரியன்ட்டில் டிரைவர் ஏர்பேக் ஆப்ஷனாக வந்தது. ஆனால் டிரைவர் ஏர்பேக்கோடு தென்னாப்பிரிக்காவில் விற்ற கோ ப்ளஸ்ஸே 2017 டெஸ்ட்டில் ஒரு ஸ்டார்தான் வாங்கியது. மிச்சமாகும் நாற்பதாயிரத்துக்காக வீட்டில் இருப்பவர்களை அதில் நெடுந்தூரம் கூட்டிப்போக மனசு வரவில்லை.

2019-க்குப் பிறகான கோ என்றால் பேசலாம். ஆர்.சியில் இருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். பதிவு செய்த வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாக்கில் நின்ற பழைய வண்டியாக இருக்கலாம். சாவி போட்டதும் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று கவனியுங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்ஜின் விஷயத்தில் பெரிய கவலை வேண்டாம். கோவுக்கு மைக்ரா, ரெடிகோவுக்கு க்விட் பார்த்துப் பழகிய மெக்கானிக் போதும். பம்பர், ஹெட்லைட், கதவு மாதிரி டட்ஸனுக்கே உரிய பாடி பார்ட்ஸ்தான் காத்திருக்க வைக்கும். அதனால் அடிபட்ட வண்டியை 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் நிஸான் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, அந்த மாடலின் ஹெட்லைட்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். 'ஒரு மாசம் சார்' என்று பதில் வந்தால், அந்த ஒரு மாதத்தை விலையில் கழித்துப் பேரம் பேசலாம்.