பழைய செங்கல் வீட்டின் பின்கட்டுக்கு வெப்பக் காப்பிடல்

பின்கட்டு வெப்பக் காப்பிடல் என்பது, திண்சுவர் கொண்ட பழைய செங்கல் வீடுகளின் பின்புறம் நீண்டிருக்கும் பகுதியில் வெப்ப இழப்பையும் காற்றுக் கசிவையும் குறைக்கச் செய்யப்படும் பணியாகும். இங்கிலாந்தில் விக்டோரியா காலத்தில் (1837–1901) கட்டப்பட்ட வரிசை வீடுகளில் இது பெரிதும் தேவைப்படுகிறது. தமிழர் பலர் வாழும் இலண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியிலும் பழைய வரிசை வீடுகள் மிகுதி.

அமைப்பு

இவ்வீடுகளின் பின்கட்டில் கீழே சமையலறையும், மாடி இருப்பின் மேலே ஒரு சிறு படுக்கையறையும் அமைந்திருக்கும். முதன்மை வீட்டின் சுவர் ஏறத்தாழ 220 மிமீ தடிப்புடையது. செலவைக் குறைக்கும் நோக்கில் பின்கட்டுச் சுவர் சில வீடுகளில் அதில் பாதித் தடிப்பிலேயே எழுப்பப்பட்டது. வெளிக்காற்று படும் பக்கங்களும் கூரைப்பரப்பும் இங்கு அதிகம். ஆகவே வீட்டிலேயே குளிர் மிகுந்த அறை பெரும்பாலும் இதுவாக இருப்பதில் வியப்பில்லை.

காற்றுக் கசிவு

காப்புப் பலகை வாங்குமுன் கசிவுகளைக் கண்டறிதல் வேண்டும். காற்று வீசும் நாளில் ஊதுவத்தியை ஏற்றிச் சுவரோரம் கொண்டு சென்றால் புகை வளையும் இடம் கசிவைக் காட்டும். பின்கட்டின் அடித்தளம் ஆழம் குறைந்ததாயின் அது தனியாக அமிழ்ந்து, முதன்மைச் சுவரோடு சேரும் மூலையில் விரிசல் உண்டாகும். இதனுடன் சுவரடிப் பலகையின் கீழ்ப்புறம், குழாய்கள் வெளியேறும் துளைகள், கூரை சுவரைத் தொடும் இடம் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். ஆனால் மரத்தளத்தின் கீழ் வெளிச்சுவரில் உள்ள காற்றுத்துளைச் செங்கற்களை ஒருபோதும் அடைக்கக்கூடாது. தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் இற்றுப்போகாமல் காப்பவை அவையே.

வெப்ப இழப்பு

பாதித் தடிப்புச் சுவரின் ஒரு சதுர மீட்டர், ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 3 வாட் வெப்பத்தைக் கடத்தும். உள்ளே 20, வெளியே 0 பாகை எனில் இழப்பு 60 வாட். உட்புறம் 60 மிமீ மரநார்ப் பலகை பொருத்தினால் இது சுமார் 11 வாட்டாகக் குறையும். தடிப்பை மேலும் இரட்டித்தால் மிச்சமாவது ஏறத்தாழ 5 வாட் மட்டுமே. சிறிய சமையலறையில் இழக்கும் இடமோ பெரிது. உலக சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், குளிர்காலத்தில் வீட்டினுள் குறைந்தது 18 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

ஈரம்

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தினால் கட்டப்பட்டது. மழைநீரை உறிஞ்சிப் பின்னர் உலர்வது அதன் இயல்பு. உட்புறம் காப்பிட்டதும் செங்கல் முன்னைவிடக் குளிர்ந்துவிடும், உலர்தலும் மெதுவாகும். அறையின் ஈரக்காற்று பலகையின் பின்னே புகுந்தால் குளிர்ந்த செங்கல்லின் மீது நீராக ஒடுங்கும். சுவரினுள் செருகப்பட்ட உத்தர முனைகளே முதலில் கெடும். எனவே மரநார்ப் பலகையை இடைவெளியின்றி ஒட்டி, மேலே சுண்ணாம்புப் பூச்சு இடுவது பாதுகாப்பானது. வெளியே சிமெண்ட் பூசி மூடுவது ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். உடைந்த மழைநீர்க் குழாயும் கசியும் கூரையும் சீராகும்வரை காப்பிடும் பணியைத் தொடங்கலாகாது.

வெளிப்புறக் காப்பு சுவரை வெதுவெதுப்பாக வைத்திருப்பதால் கோட்பாட்டளவில் மேலானது. எனினும் பிரஸ்டன் நகரின் பிஷ்விக் பகுதியில் 2013 அளவில் 300க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளிக்காப்பு பொருத்தியபோது, குறைபாடான வேலையால் மழைநீர் உட்புகுந்து, பல வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் பரவின. சாளர விளிம்பு, கூரை விளிம்பு ஆகிய சிறு இணைப்புகளில் நேரும் கவனக்குறைவே இத்தகைய சேதத்துக்கு வழிவிடுகிறது.

காற்றோட்டமும் நச்சு வாயுவும்

கசிவுகளை அடைத்தபின் சமையல் நீராவியை வெளியேற்ற விசிறி தேவை. ஆனால் அதே அறையிலிருந்து காற்றை எடுத்து எரியும் பழைய வகை வாயுக் கொதிகலனோ விறகு அடுப்போ இருந்தால், விசிறியின் இழுப்பினால் புகைபோக்கியில் செல்ல வேண்டிய வாயு அறைக்குள் திரும்பலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. எரிகலனுக்கென விடப்பட்ட காற்றுத்துளை குளிரைத் தருவது உண்மையே. அத்துளை மூடப்படலாகாது, எரிகலனையே மூடிய வகைக்கு மாற்றுவதே தகுந்த வழி. இங்கிலாந்தில் நிலையான எரிகலன் உள்ள வாடகை வீட்டு அறைகளில், வாயு அடுப்பு நீங்கலாக, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2022 அக்டோபர் முதல் வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமையாகும்.