பியேன் ஏரித் தீவு

சுவிட்சர்லாந்தில் ஜூரா மலைத்தொடரின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் பியேன் ஏரியின் நடுவே இருக்கிற சென் பியேர் தீவு, இன்று பெயரளவில்தான் தீவு. வெள்ளத்தின் உபத்திரவத்தைத் தீர்ப்பதற்காக 1868-ல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த திருப்பணியால் அப்பிரதேசத்து ஏரிகளின் நீர்மட்டம் தாழவே, அதுகாறும் தண்ணீருக்கடியில் மறைந்திருந்த நீண்ட திட்டொன்று வெளிப்பட்டு, எர்லாக் என்னும் ஊரோடு அதைப் பிணைத்துவிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் க்ளூனி சபைத் துறவிகள் தீவில் மடம் அமைத்தார்கள். மடம் கலைந்து, மதச் சீர்திருத்தத்துக்குப் பின் தீவு பெர்ன் நகரத்து ஆஸ்பத்திரியின் சொத்தாயிற்று. திராட்சைத் தோட்டமும், தோப்பும், மேய்ச்சல் நிலமும், ஆஸ்பத்திரிக்காகக் குத்தகை வசூலிக்கும் காரியஸ்தரின் குடும்பம் வசித்த ஒரே ஒரு வீடும்தான் 1765-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தத்துவஞானி ழான் ஜாக் ரூஸோ அங்கு வந்து இறங்கியபோது இருந்தவை.

மோத்தியே கிராமத்தில் அவர் குடியிருந்த வீட்டின்மீது இரவில் ஜனங்கள் கல்லெறிந்ததுதான் அவரை அங்கே துரத்தியது. ஆனால் கல்லடியைக் காட்டிலும் பழைய காயமொன்று அவர் மனத்தில் ஆறாமல் இருந்தது. 1749-ல், எழுதிய குற்றத்துக்காக வின்சேன் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட நண்பர் திதெரோவைப் பார்ப்பதற்குப் பாரிஸிலிருந்து வெயிலில் கால்நடையாகவே போய் வந்தவர் அவர். அப்படிப் போகும் வழியில் பத்திரிகையில் கண்ட ஒரு பரிசுக் கேள்விதான் அவரைக் கிரந்தகர்த்தாவாக்கியது. திதெரோ நடத்திய கலைக்களஞ்சியத்துக்குச் சங்கீத விஷயங்களை எழுதிக் கொடுத்தவரும் அவரே. அத்யந்த சிநேகம் இப்படிப் பல வருஷம் வளர்ந்து, 1757-ல் முறிந்தது. முறிந்ததற்குக் காரணம் பிரமாதமான தத்துவ பேதம் என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தனித்து வாழ்பவனைப் பழித்துத் திதெரோவின் நாடகத்தில் வந்த ஒரு வாசகம், நகரத்தை விட்டுக் காட்டோரக் குடிலில் ஒதுங்கியிருந்த ரூஸோவுக்குத் தம்மையே குத்துவதாகப்பட்டது. பிறகு, குடிலைக் கொடுத்த சீமாட்டியோடு ஜினீவாவுக்குத் துணையாகப் போவதுதான் நன்றியறிதல் என்று திதெரோ கடிதத்தில் உபதேசித்தது வினையாயிற்று. மறு வருஷம் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையிலேயே நண்பரைத் துறந்துவிட்டதை ரூஸோ உலகறியச் சொன்னார். கலைக்களஞ்சியத்தை எதிரிகள் சூழ்ந்து தாக்கிக்கொண்டிருந்த சமயம் அது. அப்போது இப்படிச் சொன்னதை மற்ற நண்பர்கள் துரோகமென்றே கருதினார்கள். அவர்கள் கருதியதில் நியாயமில்லை என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

தீவில் அவர் தங்கியது ஏறக்குறைய ஆறு வாரம். புஸ்தகப் பெட்டிகளை அவிழ்க்கவேயில்லை. கடிதங்களுக்குப் பதில் எழுதித் தீரவேண்டி வந்தால் காரியஸ்தரின் எழுதுபலகையை முணுமுணுத்துக்கொண்டே இரவல் வாங்கி, முடிந்ததும் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். காலையில் பூதக்கண்ணாடியோடு, லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரியின் நூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படுவார். தீவைச் சதுரங்களாகப் பிரித்து, ஒரு புல்லையும் பாசியையும் விடாமல் வர்ணித்துப் பெரிய நூல் செய்யத் திட்டம். எலுமிச்சைத் தோலைப் பற்றியே ஒரு ஜெர்மானியர் புஸ்தகம் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தவருக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை. காசித்தும்பை இனத்துச் செடியின் காய் வெடித்து விதை சிதறுவதைக் கண்டால் குழந்தையைப்போலக் குதூகலிப்பார். அவரைத் தரிசிக்க வந்த பெர்ன் நகரத்துப் பிரமுகர்கள், இடுப்பில் பை கட்டிக்கொண்டு மரக்கிளையில் உட்கார்ந்து பழம் பறிக்கும் ஞானியைக் கண்டதுண்டு. மத்தியான்னங்களில் படகைத் தனியே ஏரிக்குள் செலுத்தி, அதில் மல்லாந்து படுத்தபடி மணிக்கணக்கில் மிதப்பார். பக்கத்திலிருந்த குட்டித் தீவில் முயல்களைக் குடியேற்றிய வைபவத்தை மாலுமியாகத் தாமே நடத்திவைத்ததும், தண்ணீரென்றால் நடுங்கும் காரியஸ்தரின் மனைவி அவரை நம்பிப் படகேறியதும், அவர் வாழ்நாளெல்லாம் பெருமையோடு நினைத்துக்கொண்ட சங்கதிகள். பெரிய தீவின் கரையை அலை அரிக்கும்போதெல்லாம் அந்தக் குட்டித் தீவின் மண்ணைத்தான் வாரிக் கொட்டினார்களாம். பலவானுக்காக எளியவன் தேய்கிறான் என்று அதிலும் ஒரு நியாயத்தைக் கண்டார், சமுதாய ஒப்பந்தத்தை எழுதிய மனிதர்.

அக்டோபர் மாதக் கடைசியில் பெர்ன் அரசாங்கம் அவரை வெளியேற்றியது. அடுத்த ஜனவரியில் ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹ்யூம் அன்போடு இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஆறு மாதத்துக்குள் அந்த நட்பும் சந்தேகத்தால் நாறிப்போய், ஹ்யூம் வழக்கை அச்சிட்டுப் பிரசுரிக்கும்வரை போயிற்று. செடிகொடிகள் அளித்த சாந்தி பொய்யல்ல. ஆனால் அது மனிதர்களிடம் நடந்துகொள்ள அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு மகரந்தக் கேசரத்தை மணிக்கணக்காகப் பொறுமையுடன் உற்றுப் பார்த்தவர், ஒரு நண்பரின் கடிதத்தை இரண்டாம் முறை நிதானமாகப் படித்ததில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தீவின் ஆனந்தத்தை அவர் எழுதியது தீவிலிருந்தபோதன்று. பன்னிரண்டு வருஷம் கழித்து, பாரிஸில் சங்கீதப் பிரதிகள் எடுத்துக் கூலி வாங்கிப் பிழைத்த முதுமையில். வாழ்ந்த காலத்தைவிட நினைத்த காலத்தில்தான் அந்த ஆறு வாரங்கள் அதிகம் உதவின போலும். 1778-ல் அவர் இறந்தார். மறு ஆண்டே ஜெர்மானியக் கவி கதே அந்தத் தீவுக்கு யாத்திரை வந்தார், 1810-ல் சக்கரவர்த்தினி ஜோஸபினும் வந்தாள். தீவின் நினைவைத் தாங்கிய ‘தனிநடையாளனின் சிந்தனைகள்’ என்னும் அவருடைய நூல் 1782-ல் அச்சேறியது. அதே வருஷத்தில்தான் திதெரோவும், ரோமாபுரி அரசர்கள் இருவரைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில், இறந்து நான்கு வருஷமான பழைய சிநேகிதரைப் பக்கம் பக்கமாக வைது தீர்த்திருந்தார்.