தமிழ் மறவனும் நீரடிமுத்தும்

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: ஆரஞ்சுச் சிறகு, கரிய விளிம்பு, சில நாள் கூட்டங்கூட்டமாகப் பறக்கும். அதுதான் தமிழ் மறவன். 1787-இல் ஃபாப்ரிசியஸ் என்பவர் இதை விவரித்து அறிவியல் பெயர் வைத்தார். 2019-இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியானது. ஆங்கிலத்தில் 'டமில் யோமன்'. யோமன் என்றால் சொந்த நிலத்தில் பாடுபடும் குடியானவன் என்றும் பொருள் உண்டு. கொங்கு நாட்டுக்காரனுக்கு மறவனைவிட அதுவே பிடிக்கும்!

இதன் புழு தின்பது ஓடையோரத்து மரவெட்டி மர இலையை. அந்த மரத்து விதைதான் நாட்டு மருந்துக்கடை நீரடிமுத்து. தொழுநோய்க்கு ஒருகாலத்தில் அந்த எண்ணெய்தான் கதி. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. மரத்தை நாம் மறந்தோம். பூச்சியோ இன்னும் அதில்தான் முட்டையிடுகிறது. வனத்துறை நாற்றங்காலில் மரவெட்டிக் கன்று கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.