பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலையடிவாரங்களில் பூனைக்காலிக் கொடி புதர்மீது படர்ந்து கிடக்கும். அதன் காயிலுள்ள சுணை உடலில் பட்டுவிட்டால் தினவு தாங்காது! ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியர்கள் அதன் விதையை உணவாகக் கொள்வதுண்டு. பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிட்ட பின்னரே உண்பர். அந்த நீரோடு வெளியேறும் பொருள்களுள் ஒன்று எல்-டோப்பா.

1937-இல் சென்னைச் சேப்பாக்கத்திலிருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்த நடுக்குவாதத்திற்கு அது மருந்தாகும் என்று அன்று உலகில் எவரும் அறிந்திலர்.

வழி திறந்தது இன்னொரு நம் நாட்டு மூலிகையால் என்பது வியப்பே. சர்ப்பகந்தா வேரில் கிடைக்கும் ரெசர்பினைச் செலுத்தியதும் முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957-இல் அவற்றுக்கு டோப்பா கொடுத்தார். முயல்கள் எழுந்து நடமாடின! 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் குழுவினர், இந்நோயால் இறந்தோர் மூளையில் டோப்பமின் குறைந்திருப்பதைக் கண்டனர். 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், டோப்பாவின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியே கொடுத்து வெற்றி கண்டார். சேப்பாக்கம் ஆய்வுக்குப் பின் முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

டோப்பமினையே கொடுத்தாலென்ன? இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடை அதை உள்ளே விடாது, டோப்பாவை விடும்.

இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலையும் இத்தடை நிறுத்திவிடுகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளையில், உடலின் கொலஸ்டிராலில் கால்பங்கு உண்டு. அதை மூளை தானே ஆக்கிக்கொள்கிறது. எனவே இரத்தக் கொழுப்பைக் கொண்டு நடுக்குவாதத்தை முன்னறியப் புகுந்தோர் இடர்ப்பட்டதில் வியப்பில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் (2006), கொலஸ்டிரால் மிகுந்த பெண்களுக்கு இந்நோய் குறைவாக வந்தது. பின்லாந்து ஆய்விலோ (2008) கொலஸ்டிரால் மிகுந்தோருக்கே நோய் கூடுதல். நோயாளி மெலிவதாலும் உணவு குறைவதாலும் கொழுப்பு இறங்கலாம். ஆகவே காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது எளிதன்று.

பூனைக்காலிப் பொடியைத் தாமே வாங்கி உண்போர் இன்று உளர். விதைக்கு விதை டோப்பாவின் அளவு வேறுபடும். ஏற்கெனவே மாத்திரை உண்பவருக்கு அது மிகையானால் குமட்டல், இரத்த அழுத்தக் குறைவு, கட்டுப்படாத உடலசைவுகள் ஆகியன தோன்றும். மாத்திரையில் கார்பிடோப்பா போன்ற துணைப்பொருள் சேர்ப்பது, டோப்பா மூளையை அடையுமுன்பே டோப்பமினாக மாறிவிடாதிருக்க. விதைப்பொடியில் அது சேர்க்கப்படுவதில்லை.